எதிர் நாற்காலியில் உட்கார்ந்தவன் சொல்வது

எங்கள் பிரிவு இந்த ஆண்டு எதிர் நாற்காலியை எடுத்துவிட்டது. இனிமேல் மாதக் கூட்டத்தில் ஒருவர் தன் வேலையைப் பற்றிப் படம் போட்டுப் பேசுவார். மற்றவர்கள் கைதட்டுவார்கள். பிறகு கறிபாப் தின்றுவிட்டு வீட்டுக்குப் போகலாம். இதற்குப் பகிர்வு அரங்கம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

செயலாளர் கவிதா நல்ல பெண். ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று வீட்டுக்கே வந்து கேட்டார். நாற்காலியை ஏன் எடுத்தீர்கள் என்று கேட்டேன். எல்லார் முன்னாலும் குறை சொல்வது புதிய உறுப்பினர்களுக்குச் சங்கடமாக இருக்கிறதாம். "பழைய ஞாபகத்த எழுதுங்க அங்கிள். கொஞ்சம் பாசிட்டிவா எழுதுங்கலா" என்றார்.

சரி. பாராட்டித்தான் எழுதப் போகிறேன். யாரை, எதற்காகப் பாராட்டுகிறேன் என்று படித்துவிட்டுக் கோபப்படுகிறவர்கள் கோபப்படட்டும்.

எங்களைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். உணவில் சேரும் நச்சுப் பொருள்களை ஆராய்கிறவர்களுக்கென்று ஒரு தொழில் சங்கம் உண்டு. அதன் பினாங்குப் பிரிவு நாங்கள். சோதனைக்கூடத்தில் இருப்பவர்கள், தொழிற்சாலையில் இருப்பவர்கள், பாடம் சொல்லிக் கொடுப்பவர்கள் எல்லாரையும் சேர்த்தாலும் ஒரு வேன்தான் நிறையும். சொந்தக் கட்டடம் கிடையாது. ஜார்ஜ் டவுனில் ஒரு பழைய கடைவீட்டின் மாடியை மாதம் ஒரு சாயங்காலம் வாடகைக்கு எடுப்போம். மின்விசிறி சுற்றும்போது கிறீச்சிடும். அதை நிறுத்தினால் வியர்க்கும், ஓடவிட்டால் பேச்சு கேட்காது.

அங்கே முன்னால் இரண்டு நாற்காலிகள் போட்டிருக்கும். ஒன்றில் தன் சோதனையைப் பற்றிப் பேசுகிறவர் உட்காருவார். எதிரே இருக்கும் நாற்காலியில் உட்காருகிறவரின் வேலை, அந்தச் சோதனை தப்பு என்று வாதாடுவது. எல்லார் பெயரையும் சீட்டில் எழுதி ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு, போன கூட்டத்திலேயே ஆளை எடுத்துவிடுவோம். ஒரே ஒரு விதி. எதிர் நாற்காலிக்காரர் அடுத்த கூட்டத்துக்குள் அந்தச் சோதனையைத் தன் கையால் செய்து பார்த்திருக்க வேண்டும். செய்யாதவர் பேசக் கூடாது.

இந்த விதியைக் கொண்டுவந்தவர் டாக்டர் அழகம்மை. எனக்கு முதல் வேலை கொடுத்தவரும் அவர்தான். செட்டிநாட்டிலிருந்து வந்து இங்கே நிலைத்த குடும்பம். வீட்டில் எல்லாரும் நிதித் தொழிலில் இருந்தார்கள். வட்டி பார்க்க வேண்டிய பெண் விஷம் பார்க்கிறது என்று உறவுக்காரர்கள் கேலி பேசுவார்களாம். அவரே சொல்லிச் சிரிப்பார். டத்தோ கிராமாட்டில் வாடகை வீட்டில் வளர்ந்து, தட்டுத்தடுமாறி வேதியியல் படித்து முடித்தவன் நான். அவருடைய கூடத்தில் இரண்டு வருஷம் குடுவை கழுவி, எடை போட்டு, திட்டு வாங்கித் தொழிலைக் கற்றுக்கொண்டேன். பிறகு பிறை என்ற ஊரில் இறால் ஏற்றுமதி செய்யும் ஒரு கம்பெனியின் சோதனைக்கூடத்துக்குப் போனேன். ஓய்வு பெறும்வரை அங்கேதான். என் படிப்பைப் பற்றிச் சொல்ல இதற்கு மேல் ஒன்றுமில்லை.

அவர் திட்டுவார் என்றேன். குரலை உயர்த்தித் திட்டுகிறவர் அல்ல. ஒரு முடிவை எடுத்துக்கொண்டு போனால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டே மூன்று கேள்வி கேட்பார். எவ்வளவு? யாருக்கு? எத்தனை நாளைக்கு? மூன்றுக்கும் பதில் இல்லாமல் "இதில் விஷம் இருக்கிறது, டாக்டர்" என்று சொன்னால், "உப்புலயும் இருக்கு, நடராஜன்" என்பார். அவ்வளவுதான். திரும்பி வந்து மறுபடி குடுவையைக் கழுவ வேண்டியதுதான்.

அந்த நாற்காலியில் பலரும் சிவந்து போயிருக்கிறார்கள். ஒரு பேராசிரியர் மீனில் ஃபார்மலின் கண்டுபிடித்துவிட்டதாகப் பெரிய படமெல்லாம் போட்டுப் பேசினார். வியாபாரிகள் ஊற்றுகிறார்கள் என்றார். எதிர் நாற்காலியில் இருந்தவர் மீனவரிடம் படகிலேயே மீன் வாங்கி, தன் கையாலேயே உறைய வைத்து, வாரக்கணக்கில் வைத்திருந்து சோதித்துக் கொண்டுவந்திருந்தார். யாரும் எதையும் ஊற்றாத அந்த மீனிலும் அதே பொருள் கொஞ்சம் வந்திருந்தது. சில வகை மீன்கள் உறைந்து கிடக்கும்போது தாமாகவே அதை உண்டாக்கும். பேராசிரியர் கோபித்துக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டார். அடுத்த மாதம் முதல் ஆளாக வந்து உட்கார்ந்திருந்தார். மனிதன் என்றால் அப்படி இருக்க வேண்டும். சங்கடமாக இருக்கிறது என்று நாற்காலியைத் தூக்கச் சொல்லவில்லை.

கூட்டம் மட்டும் போட்டுக்கொண்டிருந்தோம் என்று நினைக்க வேண்டாம். வருஷத்துக்குச் சில முறை வெளியே போவோம். நிபோங் திபால் பக்கம் ஒரு எண்ணெய்ப்பனைத் தோட்டத்துக்குப் போனது நன்றாக நினைவிருக்கிறது. களைக்கொல்லி வரும் நீல நிறக் கேன்களைக் காலியானதும் வீட்டுக்குக் கொண்டுபோய்த் தண்ணீர் பிடித்து வைக்கிறார்கள் என்று கேள்விப்பட்டோம். தமிழ்ப்பள்ளியில் கூட்டம். ஆண்கள் மோட்டார் சைக்கிளை விட்டு இறங்காமல் வாசலிலேயே நின்றார்கள். எங்கள் ஆள் ஒருவர் மில்லிகிராம், கிலோகிராம் என்று ஆரம்பித்தார். டாக்டர் எழுந்து படத்தை அணைக்கச் சொன்னார். யார் யார் வீட்டில் அந்தக் கேன் இருக்கிறது, எதற்கு வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டார்.

கடைசியில் பின்னால் இருந்த ஒரு அக்கா, "நாங்க மூணு தடவ சோப்பு போட்டுக் கழுவித்தான் வெச்சிருக்கோம் டாக்டர். ஒண்ணும் அசிங்கமா இல்ல" என்றார்.

"நீங்க நல்லாத்தான் கழுவியிருப்பீங்க அக்கா. பிளாஸ்டிக் மருந்தக் குடிச்சு வெச்சிருக்கும். அது உங்க கைக்கு வராது" என்றார் டாக்டர்.

அந்தப் பெண் தலைகுனியாமல் வீட்டுக்குப் போனது அந்த ஒரு பதிலால்தான். அதற்குப் பிறகு டாக்டர் மக்களிடம் பேசவே இல்லை. நேரே தோட்ட நிர்வாகத்திடம் போனார். காலிக் கேன் கிடங்கை விட்டு வெளியே வருவதற்கு முன்னால் அதன் அடியில் ஓட்டை போட வேண்டும் என்று கேட்டு வாங்கிவிட்டு வந்தார். ஓட்டைக் கேனில் யாரும் தண்ணீர் பிடிக்க மாட்டார்கள். நாங்கள் கொண்டுபோன படம் எல்லாம் வீண். ஒரு ஆணியும் சுத்தியலும் போதுமாக இருந்தது.

இனி மீ விஷயம்.

மஞ்சள் மீ இல்லாமல் பினாங்கு இல்லை. கோதுமை மாவில் செய்கிற தடித்த நூல். அதை வறுத்து மீ கோரேங் போடும் கடைக்காரர்கள் காலையில் கிலோக்கணக்கில் வாங்கிப் போவார்கள். அதில் போராக்ஸ் சேர்த்தால் மீ விறைப்பாக இருக்கும், சீக்கிரம் கெடாது. வெங்காரம் என்று நம் ஆட்கள் சொல்வது அதைத்தான். உணவில் அதைச் சேர்ப்பது குற்றம். திருட்டுத்தனமாகச் சேர்க்கிறவர்கள் எப்போதும் இருக்கிறார்கள்.

பாகான் டாலாமில் கமாலுதீன் பாய் என்று ஒருவர் சிறிய மீ பட்டறை வைத்திருந்தார். அவரும் மனைவியும் மச்சானும் நாலைந்து ஆட்களும்தான். ஒரு நாள் அதிகாரிகள் வந்து மாதிரி எடுத்தார்கள். மஞ்சள் தடவிய தாளை நனைத்துப் பார்த்தார்கள், சிவந்தது. மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்து ஆரத்தித் தட்டில் சிவப்பதைப் பார்த்தவர்களுக்கு ஒன்று புரியும். மீ பிசையும்போது காரத் தண்ணீர் ஊற்றுவார்கள். அது வழக்கம்தான், குற்றமில்லை. ஆனால் அந்தக் காரத்துக்கே தாள் சிவந்துவிடும். அதனால் தாளை மட்டும் வைத்து யாரையும் பிடிப்பதில்லை. மாதிரி சோதனைக்கூடத்துக்குப் போகும்.

அது டாக்டர் அழகம்மை தலைமை வகித்த கூடத்துக்குப் போனது. போராக்ஸ் இருக்கிறது என்று முடிவு வந்தது. பட்டறையை மூடி முத்திரை வைத்தார்கள். இழுத்துச் சாத்திய இரும்புக் கதவின் படம் பத்திரிகையில் வந்தது. வழக்குப் போட்டார்கள். அவரிடம் மீ வாங்கிய கடைக்காரர்கள் ஒரே நாளில் வேறு ஆளிடம் போய்விட்டார்கள். நான் சேர்க்கவில்லை என்று பாய் போகிற இடமெல்லாம் சொன்னார். சேர்த்தவனும் அப்படித்தான் சொல்வான். யாரும் நம்பவில்லை. நானும் நம்பவில்லை.

அடுத்த மாதக் கூட்டத்தில் டாக்டர் மீயில் போராக்ஸ் பார்க்கும் தங்கள் புதிய முறையைப் பற்றிப் பேசுவதாக இருந்தது. யாருடைய மாதிரி என்று சொல்லக் கூடாது, சொல்லவும் இல்லை. எல்லாருக்கும் தெரியும். டின்னில் கைவிட்டார்கள், என் சீட்டு வந்தது.

சனிக்கிழமை அவருடைய கூடத்துக்குப் போனேன். பழைய முறையை நான் அங்கேதான் கற்றேன். மீயை நறுக்கி, சுண்ணாம்பு நீர் சேர்த்து, பீங்கான் கிண்ணத்தில் மெல்லக் காயவைத்து, உலையில் சாம்பலாக்கி, சாம்பலை அமிலத்தில் கரைத்து, மஞ்சளின் சாயத்தைச் சேர்த்து, வருகிற சிவப்பைக் கருவியில் அளக்க வேண்டும். காயவைக்கத்தான் நேரம் பிடிக்கும். மாதிரிகள் குவிந்துகொண்டே போனதால் அந்தக் கட்டத்தை மாற்றியிருந்தார்கள். புதிய முறையில் மீயைக் காரத்தோடு சேர்த்து ஒரு கண்ணாடிக் குவளையில் கொதிக்கவைத்துக் கூழாக்கிவிடுவார்கள். பிறகு எல்லாம் பழையபடிதான். வேலை பாதியாகக் குறைந்திருந்தது. இதற்காகவே நல்ல கண்ணாடி வாங்கியிருந்தார்கள். அடுப்பிலிருந்து எடுத்துத் தண்ணீரில் வைத்தாலும் விரிசல் விடாத கண்ணாடி.

இருப்பில் வைத்திருந்த அதே மாதிரியை எடுத்து ஒவ்வொரு கட்டமாக நானே செய்தேன். டாக்டர் சொன்ன அதே அளவுதான் வந்தது. எதிர்த்துப் பேச என்னிடம் ஒன்றும் இல்லை. அவர் அறைக்குப் போய், "சரியாத்தான் இருக்கு டாக்டர்" என்றேன்.

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "என் கூடத்துல, என் சாமான்ல, என் மாதிரிய வெச்சு செஞ்சா என் நம்பர்தான் வரும். நீங்க என்ன கொண்டுவந்தீங்க?"

எனக்குக் கோபம் வந்தது. என் சனிக்கிழமையைக் கொடுத்து, அவருடைய வேலை சரி என்று சொன்னதற்கும் திட்டா? தீவுக்குத் திரும்பும் பாலத்தில் காடி ஓட்டிக்கொண்டு வந்த வழியெல்லாம் மனசுக்குள் அவரோடு சண்டை போட்டேன். வீட்டை அடைவதற்குள் அவர் சொன்னது சரி என்று தெரிந்துவிட்டது. போராக்ஸ் இல்லவே இல்லை என்று நிச்சயமாகத் தெரிந்த ஒரு மீயை அந்த முறையில் யாரும் சோதித்துப் பார்க்கவில்லை. அப்படிப்பட்ட மீ எங்கே கிடைக்கும்? கடையில் வாங்குவதை நம்ப முடியாது. நாமே செய்ய வேண்டும்.

சீன மளிகைக் கடையில் காரத் தண்ணீர் ஒரு போத்தல் வாங்கினேன். மாவு வீட்டில் இருந்தது. சமையல் மேசையில் போட்டுப் பிசைய ஆரம்பித்தேன். கல்யாணமான நாள் முதல் நான் அந்த மேசையில் தேநீர்கூடக் கலந்ததில்லை. என் மனைவி வந்து கதவோரம் நின்று பார்த்தாள்.

"ஆளுங்க ரிட்டையர் ஆன பெறகுதான் கடை போடுவாங்க. நீங்க இப்பவே ஆரம்பிச்சுட்டீங்களா?"

சோதனைக்கு என்றேன்.

"இந்த மாவ சோதிச்சா எனக்கே தெரியும் முடிவு. தண்ணி ஜாஸ்தி." என்னைத் தள்ளிவிட்டு அவளே பிசைந்து, உருட்டி, கத்தியால் நறுக்கிக் கொடுத்தாள். மீ போலவே இல்லை, மண்புழு போல இருந்தது. ஆனால் அதில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். மாவு, தண்ணீர், உப்பு, காரம்.

அதை டாக்டரின் கூடத்துக்குக் கொண்டுபோய் அதே முறையில் சோதித்தேன். சிவந்தது. கருவியில் வைத்தேன். கமாலுதீன் பாயின் மீயில் வந்த அளவை ஒட்டியே வந்தது.

டாக்டரைக் கூப்பிட்டேன். வந்து பார்த்தார். என் மனைவி போராக்ஸ் போட்டாளா என்று கேட்கவில்லை. நான் தப்பாகச் செய்தேனா என்றும் கேட்கவில்லை. அந்தக் கண்ணாடிக் குவளையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, "மீயே வேணாம். வெறும் காரத் தண்ணிய ரெண்டா பிரிங்க. ஒண்ண இதுல கொதிக்க வைங்க. இன்னொண்ண டெஃப்லான் குவளைல" என்றார்.

அமிலமும் மஞ்சள் சாயமும் சேர்த்த பிறகு, பிளாஸ்டிக் வகையான டெஃப்லானில் கொதித்தது மஞ்சளாகவே நின்றது. கண்ணாடியில் கொதித்தது சிவந்தது.

இந்தத் தொழிலில் இருப்பவர்கள் இந்த இடத்தில் தலையில் அடித்துக்கொள்வார்கள். மற்றவர்களுக்கு விளக்குகிறேன். சூடு தாங்கும் நல்ல கண்ணாடியில் போரான் கலந்திருக்கும். அதனால்தான் அது உடைவதில்லை. போராக்ஸிலும் போரிக் அமிலத்திலும் இருப்பது அதே போரான்தான். காரத்தைக் கொதிக்கவைத்தால் அது கண்ணாடியைக் கொஞ்சம் அரித்துப் போரானை வெளியே கொண்டுவந்துவிடும். எதுவும் இல்லாத வெற்று மாதிரி ஒன்றைக் கூடவே ஓட்டிப் பார்ப்பது எங்கள் வழக்கம். அவர்களும் ஓட்டினார்கள். ஆனால் அதில் கரைக்க மீ இல்லையே என்று காரத்தில் கொதிக்கவைக்கும் கட்டத்தை விட்டுவிட்டார்கள். ஆகவே வெற்று மாதிரி சுத்தமாகவே வந்துகொண்டிருந்தது. மலிவான கண்ணாடி வாங்கியிருந்தால் குவளை விரிசல் விட்டிருக்கும், பாய் தப்பித்திருப்பார்.

டாக்டர் நாற்காலியில் உட்கார்ந்தார். "வழக்கு எப்போ வருது?" என்று மட்டும் கேட்டார்.

சில நாளில் வர இருந்தது.

பாயின் மாதிரியில் மிச்சம் இருந்ததை டெஃப்லானில் மறுபடி செய்தார்கள். போராக்ஸ் இல்லை. அன்றே டாக்டர் தன் மேலதிகாரியிடம் போனார். நான் வெளியே உட்கார்ந்திருந்தேன், கதவு திறந்துதான் இருந்தது. அந்த மனிதர் கெட்டவர் அல்ல, பயந்தவர். இப்போது நாமாகச் சொன்னால் கூடத்தின் பெயர் போய்விடும், இதுவரை கொடுத்த எல்லாச் சான்றிதழையும் சந்தேகப்படுவார்கள், நீதிமன்றத்தில் பாயுடைய வக்கீல் கேட்டால் அப்போது சொல்லிக்கொள்ளலாம் என்றார்.

"அவரு வக்கீலுக்குக் கண்ணாடியப் பத்திக் கேக்கத் தெரியாது சார்" என்றார் டாக்டர்.

கடிதம் அன்றைக்கே போனது. வழக்கைத் திரும்பப் பெற்றார்கள். புதிய முறையில் சோதித்த மற்ற மீ எல்லாவற்றையும் டாக்டர் மறுபடி டெஃப்லானில் ஓட்டினார். இன்னும் சிலர் தப்பித்தார்கள். சிலருடைய மீ அப்போதும் நன்றாகச் சிவந்தது, அவர்கள் உண்மையாகவே கொட்டியவர்கள். கண்ணாடி தப்பு என்றவுடன் எல்லாரும் உத்தமர்கள் என்று சொல்லிவிடவில்லை.

அடுத்த கூட்டத்தில் அவர் பேசும் நாற்காலியில் உட்கார்ந்து, நடந்ததை ஒன்று விடாமல் சொன்னார். எதிர் நாற்காலியில் நான். சிறிய தவறுதானே, யாருக்கும் வரக்கூடியதுதானே என்று ஒருவர் ஆறுதலாக ஆரம்பித்தார். டாக்டர் அவரை நிறுத்தினார். "ஒரு ஆளோட பட்டறை மாசக்கணக்கா மூடிக் கெடந்திருக்கு. சின்னதுன்னு சொல்ல உங்களுக்கு யாரு உரிமை குடுத்தா?" பிறகு வெற்று மாதிரியைப் பற்றிக் கேள்வி கேட்கச் சொல்லி எங்களைப் பிடுங்கி எடுத்தார். நாங்கள் கேட்டோம். அவர் பதில் சொன்னார். எங்கள் பிரிவு அன்று செய்ததைப்போல் ஒரு வேலையை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. துறையில் பெரிய பதவி ஒன்று அவருக்கு வர இருந்தது. அது வரவில்லை. அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தையும் பேசியதில்லை, அதனால் நானும் நிறுத்திக்கொள்கிறேன்.

கூட்டம் முடிந்து படியிறங்கினால் கீழே கடைகளின் முன்தாழ்வாரமான ஐந்தடிப் பாதையில் கமாலுதீன் பாய் நின்றிருந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் பையில் மீ. யாரோ அவரிடம் எங்கள் கூட்டத்தைப் பற்றிச் சொல்லியிருக்கிறார்கள்.

முத்திரையை எடுத்துவிட்டார்கள், பட்டறை திறந்தாயிற்று, மீயும் போட்டாயிற்று, வாங்கத்தான் ஆள் இல்லை என்றார். பத்திரிகையில் கதவு மூடிய படம் வந்தது, திறந்த படம் வரவில்லை. கடைக்காரர்கள் அவரைப் பார்த்தாலே வேறு பக்கம் திரும்பிக்கொள்கிறார்களாம். "டாக்டர், உங்க கையால ஒரு கடிதம் குடுங்க. இந்த மீ நல்ல மீ, பயமில்லாம சாப்பிடலாம்னு. அது போதும் எனக்கு."

"அப்படி நான் எழுத மாட்டேன் பாய்" என்றார் டாக்டர்.

பாய் அவரை வெறித்துப் பார்த்தார். எனக்கே ஆத்திரமாக வந்தது. இவ்வளவு செய்துவிட்டு, ஒரு காகிதம் கொடுத்தால் என்ன?

"நாளைக்கு நீங்க போடுற மீ எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாது. தெரியாதத நான் ஒருவாட்டி எழுதினதுக்குத்தான் நீங்க இங்க நிக்குறீங்க. நான் சொன்னது தப்புன்னு எனக்குத் தெரியும். அத வேணும்னா எழுதுறேன். எந்தக் கடைக்கு வரணும்னு சொல்லுங்க, நேர்லயே வந்து சொல்றேன்."

மறுநாள் என் காடியில் மூன்று பேரும் புறப்பட்டோம். டாக்டர் முன்னால், பாய் மீ பையோடு பின்னால். பாகான் டாலாமில் தொடங்கி, பாலம் தாண்டித் தீவுக்கு வந்தோம். ஒவ்வொரு கடையிலும் அவர் ஒரே வாக்கியத்தைத்தான் சொன்னார். நான் இன்ன கூடத்தின் டாக்டர், இவருடைய மீயில் போராக்ஸ் இருப்பதாகச் சொன்னது நான், அது தப்பு, தப்பு எங்கள் சோதனையில். கடைக்காரர்களுக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. வெயிலில் புடவை கட்டிக்கொண்டு வந்து ஒரு பெரிய அம்மாள் தன் தப்பைச் சொல்கிறார். ஒருவர் நாற்காலியை எடுத்துப் போட்டார். ஒருவர் தேநீர் கொண்டுவந்தார். மீ வாங்குவதாக யாரும் சொல்லவில்லை. எல்லாரும் கேட்டது ஒரே கேள்வி: அப்படியென்றால் இது நல்ல மீதானே? டாக்டரின் பதிலும் ஒன்றேதான். அது தனக்குத் தெரியாது, தான் சொன்னது தப்பு என்பது மட்டும்தான் தெரியும்.

காடியில் பாய் வெடித்தார். "நல்ல மீன்னு ஒரு வார்த்த சொன்னா வாயில இருக்குற முத்து உதிந்துருமா? நீங்க வராமலே இருந்திருக்கலாம் டாக்டர்."

டாக்டர் திரும்பிப் பார்க்கவில்லை. அடுத்த கடை எங்கே என்று என்னிடம் கேட்டார்.

கடைசிக் கடை டத்தோ கிராமாட்டில், என் வீட்டுப் பக்கம். ரஹீம் என்று ஒருவர் தள்ளுவண்டியில் மீ கோரேங் போடுவார். வாய் சும்மா இருக்காத ஆள். டாக்டர் சொன்னதை அடுப்பை அணைக்காமலே கேட்டார். நல்ல மீயா என்று அவரும் கேட்டார். டாக்டர் அதே பதிலைச் சொன்னார்.

ரஹீம் கரண்டியைக் கீழே வைத்தார். "என் கடைக்கு வர்ற எல்லாரும் அவங்க சாமான் நல்ல சாமான்னுதான் சொல்றாங்க. நான் சொன்னது தப்புன்னு சொல்ல வந்த மொத ஆளு நீங்கதான் டாக்டர்." பிறகு பாயைப் பார்த்தார். "கையில என்ன, மீயா? குடுங்க இங்க."

பையைப் பிரித்து ஒரு பிடி எடுத்து முகர்ந்தார். சட்டியில் போட்டார். முட்டை, முளைப்பயறு, மிளகாய்ச் சாந்து எல்லாம் விழுந்தது. எங்கள் மூன்று பேருக்கும் தட்டு வைத்தார். டாக்டர் முதலில் பணத்தை எடுத்து வண்டியின் ஓரத்தில் வைத்துவிட்டுத்தான் உட்கார்ந்தார். பாய் சாப்பிடவில்லை. டாக்டரின் கையையும் வாயையுமே பார்த்துக்கொண்டிருந்தார். வண்டியைச் சுற்றி நின்றவர்களும் அதைத்தான் பார்த்தார்கள். விஷயம் அதற்குள் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. டாக்டர் அவசரப்படாமல், ஒரு நூல்கூட மிச்சம் வைக்காமல் தட்டைக் காலி செய்தார்.

"எப்படி இருக்கு டாக்டர்?" என்றார் பாய்.

டாக்டர் கொஞ்சம் யோசித்தார். "உப்பு கொறச்சல்" என்றார்.

பாய் விழுந்து விழுந்து சிரித்தார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "அது என் மீ இல்ல டாக்டர், இவன் கை. நாப்பது வருஷமா இவனுக்கு உப்புப் போடத் தெரியாது."

"பேசினது போதும்" என்றார் ரஹீம், தட்டுகளை எடுத்துக்கொண்டே. "நாளைக்குக் காலைல பத்து கிலோ கொண்டாங்க."